பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்: அரிவாளுக்கு எந்தப் பிடி?

போன மாதம் லாரிப் பட்டையில், அதாவது லாரியின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டையில், அடித்த அரிவாளைப் பற்றியும், காய்ச்சி முக்கி அதைக் கடினமாக்கும் தோய்ச்சலைப் பற்றியும் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரும்பைப் பற்றிப் பேசவே இல்லை, எல்லாம் பிடியைப் பற்றித்தான். நியாயம்தான், கையில் கொப்புளம் போடுவது இரும்பு இல்லையே. அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்கப் பிடிக்கே. காய்கறி நறுக்கும் சின்னக் கத்திக்கு எந்தப் பிடி போட்டாலும் ஓடிவிடும், அதை விட்டுவிடுகிறேன். ஓங்கி வெட்டுகிற, ஈரத்தில் கிடக்கிற, நாள் முழுக்கக் கையை விட்டு இறங்காத கத்திகளைப் பற்றித்தான் பேச்சு.

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஓர் இளநீர் வியாபாரி: அண்ணே, தினமும் நூற்றைம்பது, இருநூறு காய் சீவுகிறேன். அரிவாளின் மரப்பிடி மூன்று மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை, ஆட ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் கெட்டியாக இருக்கிறது, அதற்கு மறுநாள் பழைய கதைதான். பட்டறைக்காரர் இரும்புப் பைப்பை வெல்டிங் வைத்துத் தருகிறேன், ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார். வைத்துவிடலாமா? இல்லை பிளாஸ்டிக் பிடி நல்லதா?

தம்பி, முதலில் அந்தத் தண்ணீர் வாளியை நிறுத்துங்கள், உங்கள் பிடியைக் கெடுப்பதே அதுதான். காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், சரி. ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறது, அது நகராது. வெளியே பூண், பிடியின் முனையில் மாட்டும் உலோக வளையம், இறுக்கிப் பிடித்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மரம் எங்கே போய் உப்பும்? தன்னையே நசுக்கிக்கொள்ளும். வெயிலில் காயும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பி வராது, துளை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவே நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் கெட்டி, அடுத்த நாள் ஆட்டம். மண்வெட்டி, கோடரி, சம்மட்டி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இதே வைத்தியம்தான், ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் நோய் ஒரு படி முற்றுகிறது.

அடுத்து பைப். பைப் பிடி கழலாது, அது உண்மை, அதற்குப் பதிலாக உங்கள் மணிக்கட்டு கழன்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு காய்க்கு ஐந்தாறு வெட்டு என்றால் இருநூறு காய்க்கு ஆயிரம் வெட்டுக்கு மேல். ஒவ்வொரு வெட்டின் அதிர்வையும் மரம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பைப் அப்படியே கையில் இறக்கிவிடும். சித்திரை வெயிலில் வண்டி மேல் அரைமணி நேரம் கிடந்த பைப்பைத் தொட்டீர்கள் என்றால் மீதியை நான் சொல்லவேண்டியதில்லை. அப்புறம் பைப் உருண்டை. ஈரக்கையில் உருண்டைப் பிடி சுழலும், வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து வெல்டிங்கிலேயே இருக்கிறது. லாரிப் பட்டை கார்பன் அதிகமுள்ள இரும்பு. ஜன்னல் கிராதிக்கு வைப்பது மாதிரி அதற்கும் ராடு போட்டு வெல்டிங் வைத்தால், பற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஓங்கும்போது அலகு அந்த இடத்தில் முறிந்து பறக்கும், எதிரே குழந்தையோடு இளநீர் வாங்க நிற்பவர் யார் என்று அது பார்க்காது.

ஆக, மரமே போடுங்கள், ஆனால் சரியான மரத்தைப் போடுங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்: சீமைக்கருவேல். ஊரெல்லாம் வெட்டி ஒழிக்கப் பாடுபடுகிறோமே, அதேதான். தண்ணீரை உறிஞ்சுகிறது, நிலத்தைக் கெடுக்கிறது என்று அதன் மேல் நூறு புகார் உண்டு, அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கட்டை என்று எடுத்துக்கொண்டால் அது கனம், கடினம், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றாகக் காய்ந்தபின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் சுருங்கி விரிவது மிகவும் குறைவு. பிடி ஆடுவதே சுருங்கி விரிவதால்தான் என்னும்போது இதைவிட என்ன வேண்டும்? விலையும் விறகு விலைதான். ஒரே நிபந்தனை, நடுவில் இருக்கும் சிவந்த வைரக் கட்டையை மட்டும் எடுக்கவேண்டும். ஓரத்து மஞ்சள் பகுதியைச் சேர்த்துக்கொண்டால் வண்டு துளைத்து மாவு மாவாகக் கொட்டும். வெட்டியதும் இரு முனையிலும் பழைய பெயின்ட்டையோ மெழுகையோ தடவி நிழலில் ஆறு மாதம் போட்டு வையுங்கள், முனை வழியாக வேகமாகக் காய்ந்தால்தான் வெடிப்பு விழும். கிடைக்காவிட்டால் நாட்டுக் கருவேல், புளி, வயதான கொய்யா, மூன்றுமே நல்ல கட்டைகள். தேக்கு வேண்டாம். கதவுக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் ஓங்கி வெட்டும் பிடிக்கு அது மெத்து, பூண் பக்கம் நசுங்கும்.

இரும்பு உள்ளே போகும் விதத்தையும் கவனியுங்கள். பிடிக்குள் நுழையும் அந்த வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்குவதுதான் பழைய முறை. எங்கள் பக்கத்துக் கொல்லர் செய்வதை எத்தனையோ முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அலகைச் சுற்றி நனைந்த சாக்கைக் கட்டிவிடுவார், தோய்ச்சல் கெடக்கூடாது என்று. கட்டையில் முதலில் சின்னதாக ஒரு துளை. சிவந்த வாலை அதில் வைத்து நான்கு தட்டுத் தட்டுவார், வெள்ளைப் புகை குபுகுபு என்று வரும், உடனே உருவிவிடுவார். துளையில் உள்ள கரியைச் சுரண்டிக் கொட்டுவார். மறுபடி காய்ச்சி, மறுபடி நான்கு தட்டு. மூன்றாவது முறையில்தான் வால் முழுக்க இறங்கும். இதில் ரகசியமே அந்தக் கரியைச் சுரண்டுவதில் இருக்கிறது. அவசரக்காரர்கள் ஒரே மூச்சில் எரித்து இறக்கிவிட்டு அப்படியே பூணை அடித்துவிடுவார்கள். இரும்பைச் சுற்றிக் கரி, கரிக்கு அப்புறம்தான் மரம். கரி பொடிந்தால் ஆடாமல் என்ன செய்யும்? உங்கள் மூன்று மாதக் கதையில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கரியைச் சுரண்டியபின் துளையில் அரக்கை உருக்கி ஊற்றுவது அந்தக் காலம். இப்போது அரால்டைட் போதும், ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் ரகம் வேண்டாம், ராத்திரி முழுக்க இறுகும் ரகத்தை வாங்குங்கள். வாலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிட்டு ஒட்டவேண்டும், வழவழப்பான இரும்பில் எந்தப் பசையும் நிற்காது.

பிளாஸ்டிக் பிடி கேட்டிருந்தீர்கள். அது கம்பெனி அச்சில் அலகோடு சேர்த்து வார்ப்பது, பட்டறை அரிவாளுக்குத் தனியாகப் பொருந்தாது. சாதாரண பாலிப்ரொப்பிலீன் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெளுத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகி வெடிக்கும், உங்கள் வண்டி நிற்பதோ ரோட்டோரம். அதையெல்லாம் விடுங்கள், பிளாஸ்டிக் பிடி உடைந்தால் கத்தியையே தூக்கிப் போடவேண்டியதுதான். மரப்பிடி போனால் ஒரு மணி நேரத்தில் வேறு மாட்டலாம். கடுமையாக உழைக்கும் கத்தியில் பிடி என்பது சைக்கிள் டயர் மாதிரி, தேயத்தான் செய்யும், மாற்றத்தான் வேண்டும். மாற்ற முடியாத பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து லேத் பட்டறை நடத்தும் இளைஞர்: மலைப்பக்கம் முகாம் போக நானே ஒரு கத்தி செய்கிறேன். பிடி வரைக்கும் முழு இரும்பு, இரு பக்கமும் தகடு வைத்து ரிவெட் அடிக்கவேண்டும். மைக்கார்ட்டாவா, ஜி-10 ஆ? மைக்கார்ட்டா இறக்குமதி விலை மயக்கம் வருகிறது.

மயக்கம் வேண்டாம், உங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. எலக்ட்ரிக்கல் சாமான் கடையில் போய் ஹைலம் ஷீட் என்று கேளுங்கள், மைக்கார்ட்டாவும் அதுவும் ஒரே ஜாதி, அதிலும் துணி வைத்த ஹைலம் என்று அழுத்திக் கேளுங்கள், காகிதம் வைத்ததும் உண்டு. லேத் பட்டறைக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, சத்தமில்லாமல் ஓடும் பல்சக்கரம் வெட்டுவதற்குப் பழுப்பு நிறக் கட்டை வாங்குவீர்களே, அதன் தம்பி.

கதை ஒன்றுதான். 1907-இல் லியோ பேக்லாண்ட் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். அந்தப் பிசினில் துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காக நனைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி, மின்சாரச் சாமான்களுக்குக் காப்புத் தகடாக வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி கொண்டுவந்ததுதான் மைக்கார்ட்டா. ஜி-10 அதன் அடுத்த தலைமுறை: துணிக்குப் பதில் கண்ணாடி இழை, பேக்கலைட்டுக்குப் பதில் எப்பாக்ஸி. பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே பச்சையாக ஒரு பலகை இருக்குமே, கிட்டத்தட்ட அதேதான், எளிதில் தீப்பிடிக்காத மருந்து சேர்த்த ரகம்.

உறுதியில் ஜி-10 ஒரு படி மேல். தண்ணீரைக் குடிக்காது, உப்பாது, சுத்தியலால் அடித்தாலும் அசையாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களுக்கு நான் துணி ஹைலத்தைத்தான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் கை. ஜி-10 வழவழவென்று இருந்தால் ஈரத்தில் சோப்பு மாதிரி, சொரசொரப்பாக வெட்டினால் அரம் மாதிரி, ஒரு நாள் விறகு பிளந்தால் உள்ளங்கைத் தோல் பேசும். துணி ஹைலத்தை 220 எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டு, பாலீஷ் போடாமல் விட்டுப் பாருங்கள், நனைந்ததும் துணியின் நுனி லேசாக எழும்பி இன்னும் நன்றாகப் பிடிக்கும். எடையும் குறைவு, கன சென்டிமீட்டருக்கு ஹைலம் 1.4 கிராம் பக்கம், ஜி-10 1.8 கிராம் பக்கம். அட்டைக்கடியும் மழையும் உள்ள காட்டில் பிடி வழுக்காமல் இருப்பதுதான் உறுதி.

இரண்டில் எதை அறுத்தாலும் தூசு பொல்லாதது, ஜி-10 தூசு முழுக்கக் கண்ணாடி. கிரைண்டரில் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகத்தில் நல்ல மாஸ்க், கைலியோடு நின்று தேய்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போகவும் வேண்டாம். இரண்டு நாளைக்குச் சொறிந்துகொண்டு திரிந்தவன் சொல்கிறேன். ஹைலம் தேய்க்கும்போது பழைய சுவிட்ச் கருகின மாதிரி ஒரு வாடை வரும், பயப்படவேண்டாம், பிசினின் வாடை அது.

ஒட்டும்போது எல்லோரும் செய்கிற தப்பு, கிளாம்ப்பை மூச்சுப் பிடித்து இறுக்குவது. பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்ட ஒன்றுமிருக்காது. மெதுவாக இறுக்குங்கள். ரிவெட் துளைகளைத் தவிர வாலில் நான்கைந்து துளை கூடுதலாகப் போடுங்கள், எடையும் குறையும், பசை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாலம் போட்டுக்கொள்ளும்.

முழு இரும்பு வைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதற்காகவே உங்களுக்கு ஒரு சபாஷ். பல வருஷத்துக்கு முன் பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு கடையில் கத்தி வாங்கினேன், பிடி ஆறு அங்குலம், வழவழவென்று கறுப்பு ரப்பர். ஒரு கருவேலங்கிளையை இரண்டாவது வெட்டு வெட்டும்போது கையில் பிடி மட்டும் இருந்தது, அலகு என் முழங்காலை உரசிக்கொண்டு போய் வரப்பில் குத்தி நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வால் கட்டைவிரல் நீளம்கூட இல்லை, வால் அலகோடு சேரும் இடத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்மூலையாக வெட்டியிருந்தார்கள். விரிசல் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பியிருந்தது. அந்த மூலையை உருண்டையாக அரத்தால் வளைத்துவிடுங்கள், முழு வால் என்றாலும்கூட.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி: மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன் அண்ணா. பெரிய மீன் தலையை வெட்டும் கத்திக்கு மரப்பிடி, மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். போன மாதம் கை வழுக்கி உள்ளங்கை கிழிந்து நான்கு தையல். டியூபைப் பிரித்தால் உள்ளே மரம் கறுத்து நாறுகிறது. என்ன பிடி வாங்குவது?

தையல் ஆறிவிட்டதா அம்மா? முழுசாக ஆறும்வரை கையுறை இல்லாமல் மீனைத் தொடவேண்டாம், மீன் முள் குத்திய புண் சுலபமாகச் சீழ் பிடிக்கும்.

மேலே அந்த இளநீர்த் தம்பிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்றேன், உங்களுக்குப் பிளாஸ்டிக்தான் வேண்டும் என்பேன். நிழலில் வேலை, நாள் முழுக்க உப்புத் தண்ணீர், செதில், கொழகொழப்பு. இதில் எந்த மரமும் நிற்காது. ஏற்றுமதிக்கு மீன் பதப்படுத்தும் ஆலைகளில் மரப்பிடிக் கத்தியை உள்ளேயே விடமாட்டார்கள், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் அழுக்கு தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அங்கே வைத்திருப்பதெல்லாம் அலகோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் பிடி, மேலே கொஞ்சம் மெத்தென்ற ரப்பர் தன்மையோடு இருக்கும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடுக்கு இருக்கக்கூடாது. ஆள்காட்டி விரல் முன்னால் ஓடாமல் தடுக்க அங்கே ஒரு மேடு இருக்கவேண்டும், உங்கள் தையலுக்குக் காரணம் அந்த மேடு இல்லாததுதான், பிடி வழுக்கியதுகூட அப்புறம்தான். பின்முனை கீழ்நோக்கிக் கொஞ்சம் வளைந்திருக்கவேண்டும், இழுத்து வெட்டும்போது கை பின்னால் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். கடையிலேயே கையைத் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

சைக்கிள் டியூபை நான் குறை சொல்லமாட்டேன், ஈரத்தில் அதைவிடப் பிடிமானம் தருவது குறைவு. ஆனால் அது தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. சுற்றியே ஆகவேண்டும் என்றால் வாரம் ஒருமுறை பிரித்துக் கழுவி, ஒரு நாள் காயவைத்து, வேறு டியூபைச் சுற்றுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்: காட்டில் விழுந்து கிடந்த கடமான் கொம்பு ஒன்று இருக்கிறது. கத்திக்குப் பிடி போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே?

இருக்கும், ஆனால் போடாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான்கொம்பு வைத்திருப்பதே வம்பு, தானாக விழுந்தது என்ற பேச்சு அங்கே எடுபடாது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். கொம்புதான் வேண்டும் என்றால் எருமைக்கொம்பு இருக்கிறதே. மான்கொம்பு எலும்பு, எருமைக்கொம்பு நம் நகம் மாதிரியான பொருள், பாலீஷ் போட்டால் கறுப்புக் கண்ணாடி போல மின்னும். ஆனால் அதுவும் அலமாரிக் கத்திக்குத்தான், ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், கவனிக்காமல் வைத்தால் பூச்சி தின்னும். இதே மாதிரி ஈட்டிமரக் கட்டை ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் ஈட்டிமரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள், மரச்சாமான் பட்டறையில் விழும் பழைய துண்டைக் கேட்டு வாங்குங்கள், மரத்தைத் தேடிப் போகாதீர்கள்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கரும்பு விவசாயி: வெட்ட வருகிறவர்களுக்குப் புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன், நல்ல மரப்பிடி, பளபளவென்று இருக்கிறது. இரண்டே நாளில் எல்லோர் கையிலும் கொப்புளம். பழைய கத்தியே பரவாயில்லை என்கிறார்கள். மரம் சரியில்லையா?

மரத்தின் மேல் தப்பில்லை ஐயா, அந்தப் பளபளப்பின் மேல்தான் தப்பு. வார்னிஷ் என்பது மரத்தின் மேல் ஒரு கண்ணாடித் தோல். வியர்வை உள்ளே போகாது, கைக்கும் பிடிக்கும் நடுவே வழவழவென்று நிற்கும், வழுக்குகிறதே என்று ஆள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார், தோல் அங்கேயே உரசிக்கொண்டிருக்கும், கொப்புளம். உடைந்த கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ அந்த வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும், துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். இப்படி மூன்று முறை. தேங்காய் எண்ணெய் இருக்கிறதே என்று அதைத் தடவவேண்டாம், அது காயவே காயாது, பிசுபிசுவென்று நிற்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். கதை இல்லை, எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். கரும்புச் சோகை கிடக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை. துணியை விரித்துக் கொடியில் தனியாகக் காயப்போடுங்கள், இல்லை என்றால் வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பருமனையும் பாருங்கள். இறுக்கிப் பிடித்து வெட்டும் கருவிக்குக் குறுக்களவு 32 முதல் 50 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கைக்கு நல்லது. அதைவிடச் சிறுத்தால் விரல் நுனி உள்ளங்கையில் குத்தும், பருத்தால் மூடவே முடியாது. பெண்கள் வெட்ட வந்தால் அவர்களுக்கு ஆண்கள் பிடியையே கொடுத்துவிடாதீர்கள், நம் ஊரில் அதை யாரும் யோசிப்பதே இல்லை. உருண்டையாக இருக்கும் பிடியின் இரு பக்கத்தையும் அரத்தால் கொஞ்சம் தட்டையாக்கி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒருவர், இப்போது சென்னையில்: தாத்தாவின் திருப்பாச்சேத்தி அரிவாள் என்னிடம் இருக்கிறது. பிடி நீளவாக்கில் வெடித்துவிட்டது. ஊருக்குப் போகும்போது விறகு, மட்டை வெட்ட வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. பிடியை மாற்றினால் அது தாத்தாவின் அரிவாளாக இருக்குமா என்று மனசு கேட்கிறது.

திருப்பாச்சேத்தி அரிவாள் என்றதுமே சினிமாவில் வேட்டியை மடித்துக்கட்டி ஓடிவருவார்களே, அதுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது, பாவம் அது தன் ஆயுசில் பெரும்பகுதி மட்டையும் முள்ளும்தான் வெட்டியிருக்கும். உங்கள் தாத்தா தினமும் அதை எடுத்து வேலை செய்தவர் என்றால், இப்போது வெடித்திருக்கும் பிடி அவர் போட்ட முதல் பிடியாக இருக்காது. மூன்றாவதோ நான்காவதோ. அவரே கூசாமல் மாற்றியிருப்பார், நீங்களும் மாற்றலாம்.

வெடிப்பில் பெவிகால் ஊற்றிக் கம்பி கட்டி ஒப்பேற்றவேண்டாம், நீளவாக்கு வெடிப்பு வெட்டும்போது திறந்து மூடும், உள்ளங்கைச் சதையைக் கவ்வும். பூணை உருவி எடுத்து வையுங்கள், பழைய பித்தளைப் பூண் என்றால் அதையே திரும்பப் போடலாம். பிடியை உளியால் அடித்துப் பிளக்கவேண்டாம், உள்ளே அரக்கு இருந்தால் கொதிக்கிற தண்ணீரில் பிடியை மட்டும் பத்து நிமிடம் வைத்தாலே இளகி வால் கையோடு வந்துவிடும். வந்ததும் வாலைத் துடைத்துப் பாருங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் சுரண்டிவிட்டுப் பழையபடி மாட்டலாம். பொரிந்து பாதியாகத் தேய்ந்திருந்தால் நன்றாகத் தெரிந்த கொல்லரிடம் கொடுத்து, நீட்டி அடித்துத் தரமுடியுமா என்று கேளுங்கள், அவர் முடியாது என்றால் சுவரில் மாட்டிவிடுங்கள், ஓங்கவேண்டாம்.

பழைய பிடியை எறிந்துவிடாமல் கொல்லரிடம் கொண்டுபோங்கள், நீளத்துக்கும் வளைவுக்கும் அதுதான் அளவு. கொடுப்பதற்கு முன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பூணுக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு குழி விழுந்திருக்கும். வாயைக் கீழே வைத்துப் பிடித்தால் அந்தக் குழி இடது பக்கம் இருந்தால் தாத்தா வலதுகைக்காரர். வலது பக்கம் இருந்தால் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.